கருவிலுள்ள மகவின் சிறுநீரகமும் கழியொலிப் படமும்

தமிழாசிரியராகிய யாம் மருத்துவப் பொருள் பற்றி எழுதப் புகுந்தது எற்றுக்கு என இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவர் சிலர் வினவுதல் கூடும். இலக்கணம் பற்றியோ இலக்கியம் பற்றியோ எழுதுமாறே மலர்க்குழுவினரும் எம்மைக் கேட்டனர். ஆயின், ஒரு சொல்லைப் பிழைபடப் பெயர்த்து ஒரு குடும்பத்தை எட்டு நாள் துன்புறுத்திய பழி எம்மிடம் உண்டு. அப்பழியைத் தீர்த்துக்கொள்ளும் பொருட்டே இப்பொருளைக் கற்றோம். கற்றவற்றை இங்கே ஒரு பாடமாக வைக்கின்றோம்.

நிகழ்ந்தது இது. எம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர், இப்பொழுது தோட்டஞ் செய்பவர், ஒரு மாலை தம் மனைவியுடன் எம் வீட்டுக்கு வந்தார். அவருடைய மனைவி முதற்பிள்ளைக்குக் கருவுற்றுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அன்று எடுத்த ஸ்கான் அறிக்கை அவர் கையில் இருந்தது. அறிக்கை முழுதும் ஆங்கிலம். “ஐயா, இதைத் தமிழில் வாசித்துச் சொல்லவேண்டும். வைத்தியரை அடுத்த கிழமைதான் காணலாம்” என்றார். இடப்பக்கச் சிறுநீரகத்தில் 6 மில்லிமீற்றர் அளவான ‘டைலற்றேஷன்’ என்று ஒரு வரி இருந்தது. யாம் சிறிதும் ஆராயாது, “பிள்ளையின் இடப்பக்கச் சிறுநீரகத்தில் வீக்கம் இருக்கிறது” என்று கூறிவிட்டோம்.

அந்த எட்டு நாளும் அப்பெண் சரியாக உண்ணவில்லை, உறங்கவில்லை. கொழும்புக்குச் சென்று சத்திரசிகிச்சை செய்விக்க நேரும் என எண்ணி, அவள் தந்தையார் வயற்காணித் துண்டொன்றை ஈடு வைப்பதற்கு ஆள் தேடத் தொடங்கினார். எட்டாம் நாள் மருத்துவர் அறிக்கையைப் பார்த்து, அஞ்சத்தக்கது எதுவுமில்லை என்றும், 32ஆம் கிழமைக்குப் பின் மீண்டும் ஒருமுறை படம் பிடித்துப் பார்ப்போம் என்றும் கூறி அனுப்பினார். அன்று மாலை மாணவர் எம்மிடம் வந்தார். சினந்து ஒன்றும் கூறவில்லை. “ஐயா, வைத்தியர் வீக்கம் என்று சொல்லவில்லை. விரிவு என்றுதான் சொன்னார்” என்றார். அவ்வளவே. இருபது ஆண்டாகச் சொல்லும் பொருளும் கற்பித்து வந்த எமக்கு அது போதுமானதாயிருந்தது.

அதன் பின்னர் நூல்களைத் தேடிப் படித்தோம். எம்மிடம் பயின்று இன்று மருத்துவராயிருப்போர் இருவர் எம் ஐயங்களைத் தீர்த்து உதவினர். இனிப் பாடத்தினுட் புகுவாம்.

சிறுநீரகம் உருவாகுமாறு

முதற்கண் ஒரு கணக்கை நினைவில் இருத்துக. மருத்துவர் கருவின் வயதை எண்ணுவது, தாய்க்கு இறுதியாக மாதவிடாய் வந்த முதல் நாளிலிருந்தாகும். அக்கணக்கில் 40 கிழமை ஆகும்போது பேறுகாலம் என்பர். இக்கட்டுரையிற் கிழமை என வருவன யாவும் அக்கணக்கினவே.

இயற்கை மனிதக் கருவிற் சிறுநீரகத்தை மூன்று முறை சமைக்கின்றது. முதலாவது தோன்றி மறையும். இரண்டாவது சிறிது காலம் தொழில் செய்து ஒடுங்கும். ஏறத்தாழ 7ஆம் கிழமையளவில் தோன்றும் மூன்றாவதே நாம் வாழ்நாள் முழுதும் சுமக்கும் சிறுநீரகம். அது முதலில் இடுப்பறையிலே தோன்றிப் பின்னரே மேலேறி விலாவின்கீழ் அமைகின்றது. ஏறும் வழியில் நின்றுவிடின் இடுப்பறைச் சிறுநீரகமாக அங்கேயே தங்கும். இரண்டின் கீழ்முனைகளும் தம்முள் ஒட்டிக்கொள்ளின் குதிரை இலாடம் போன்ற ஒன்றாக அமையும். இவ்வாறு அமைந்தோரிற் பலர் தமக்கு இவ்வமைப்பு உண்டென்பதை அறியாமலே நெடுங்காலம் வாழ்வர்.

ஒவ்வொரு சிறுநீரகத்தினுள்ளும் ஏறத்தாழப் பத்து இலட்சம் வடிகட்டும் அலகுகள் உள. அவற்றைச் சிறுநீரகத்தி என்பர். இவை 36ஆம் கிழமையளவில் ஆக்கப்பட்டு முடிகின்றன. அதன்பின் அவற்றின் தொகை கூடுவதில்லை. பிறந்த பின் வாழ்நாளெல்லாம் செலவிடுவதற்குக் கருவிலேயே சேர்த்துத் தரப்படும் முதல் இது எனலாம். கருவில் நிகழும் பெரிய அடைப்பு ஏன் அஞ்சத்தக்கது என்பதற்கு இதுவே காரணம். அது வடிகட்டியைக் கெடுப்பதோடு, வடிகட்டி ஆக்கப்படுவதையும் தடுக்கக்கூடியது.

வடிகட்டி வந்த நீர் முதலிற் கிண்ணம் போன்ற சிறு அறைகளில் வடியும். கிண்ணங்கள் யாவும் நடுவில் உள்ள ஓர் அகன்ற பகுதியிற் கூடும். இதனைப் பாடநூல்கள் சில ‘சிறுநீரக இடுப்பு’ என்னும். அச்சொல் கேட்போரை மயக்கும் ஆதலின், யாம் இங்கு ‘நீரகப் புனல்’ என்போம். புனல் என்பது எண்ணெய் வார்க்கும் கருவிக்கும் பெயர், நீருக்கும் பெயர், இரு பொருளும் இவ்வுறுப்புக்குப் பொருந்தும். புனலிலிருந்து சிறுநீர்க்கான் என்னும் ஒடுங்கிய குழாய் இறங்கிச் சிறுநீர்ப்பையை அடையும். சிறுநீர்ப்பையை ஊரவர் சலப்பை என்பர். அதிலிருந்து புறத்தே செல்வது சிறுநீர்வழி.

இனி ஒரு வினா. தாய்வயிற்றில் இருக்கும் மகவின் குருதியைத் தூய்மை செய்வது எது? சிறுநீரகம் என்று விடை கூறின் பிழையாகும். அப்பணியைச் சூல்வித்தகத்தின் வழியாகத் தாயே செய்கின்றாள். ஆயின், மகவின் சிறுநீரகம் வீணே இருப்பதன்று. ஏறத்தாழ 10 முதல் 12ஆம் கிழமைக்குள் அது நீரை ஆக்கத் தொடங்குகின்றது. அந்நீர் மகவைச் சூழ்ந்த பனிக்குடத்தினுட் செல்கின்றது. மகவு அதனையே விழுங்குகின்றது. மூச்சு இழுப்பதுபோல அசைந்து சுவாசப்பையினுள்ளும் ஏற்கின்றது. கருக்காலத்தின் நடுப்பகுதி தொடங்கிப் பனிக்குட நீரிற் பெரும்பங்கு மகவின் சிறுநீரே.

இந்நீர் குறையின் சுவாசப்பை வளராது. இரு சிறுநீரகமும் இன்றிப் பிறந்த மகவுகளின் முக அமைப்பையும், வளர்ச்சி குன்றிய சுவாசப்பையையும் ஆராய்ந்து, 1946இல் வெளியிட்டவர் சிக்காகோ நகரில் நோயியல் அறிஞராயிருந்த எடித் பொற்றர் அம்மையார். சிறுநீரகம் பழுதுறச் சுவாசப்பை நலிவது எவ்வாறு என்பதற்கு விடை பனிக்குட நீரிலே உளது.

ஒலி எழுதும் ஓவியம்

கருவை ஊறுபடாமற் காண்பது எங்ஙனம்? முன்னர் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தனர். அது என்பைக் காட்டுமேயன்றிச் சிறுநீரகம் போன்ற மென்மையான உறுப்பைத் தெளிவாகக் காட்டாது. அன்றியும், கருவுற்ற காலத்தில் எக்ஸ் கதிர் பட்ட மகவுகட்குப் பின்னர்ப் புற்றுநோய் மிகுதியாக வருதலை, ஒக்ஸ்போட்டில் ஆராய்ந்த அலிஸ் ஸ்ருவேட் அம்மையார் 1956இலும், விரிவாக 1958இலும் எடுத்துக் காட்டினார்.

அதே 1958ஆம் ஆண்டிலேதான் மறுவழியும் திறந்தது. அதன் கதையைச் சுருங்கக் கூறுவோம். சில பளிங்குகளை அழுத்தினால் மின் பிறக்கும் என்பதைப் பிரான்சு நாட்டுக் கியூரி உடன்பிறந்தார் இருவர் 1880இற் கண்டனர். மின் ஊட்டினால் அப்பளிங்கு அதிர்ந்து ஒலி எழுப்பும் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. முதலாம் உலகப் போரிற் கடலின்கீழ் மறைந்து செல்லும் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறியப் போல் லாங்கெவின் என்னும் அறிஞர் இத்தகைய ஒலியைப் பயன்படுத்த முயன்றார். பின்னர் உலோகத் தகட்டினுள் மறைந்த வெடிப்பைக் காணத் தொழிற்சாலைகள் அதனைக் கைக்கொண்டன. கிளாஸ்கோ நகர மகப்பேற்று மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்ட், 1955இற் கொதிகலன் செய்யும் தொழிற்சாலையொன்றில் இருந்த அத்தகைய கருவியில், உடலிலிருந்து நீக்கிய கட்டிகளை வைத்துச் சோதித்தார். நீர் நிறைந்த கட்டி ஒருவகை எதிரொலியும், திண்மையான கட்டி வேறுவகை எதிரொலியும் தந்தன. பொறியியலாளர் ரொம் பிறவுண், மருத்துவர் ஜோன் மக்விக்கார் ஆகியோருடன் கூடி அவர் எழுதிய கட்டுரை 1958 யூன் மாதம் ‘லான்செற்’ என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. கப்பலைத் தேடிய ஒலி கருப்பையுள் மகவைத் தேடும் ஒலியாயிற்று.

மனிதச் செவிக்குக் கேட்பது செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையுமே. மகப்பேற்றுப் படத்திற்குப் பயன்படுவது செக்கனுக்குப் பல இலட்சம் முறை அதிரும் ஒலி. செவியின் எல்லையைக் கழிந்து நிற்றலின் எமது பாடநூல்கள் அதனைக் ‘கழியொலி’ என்னும். தமிழகத்தார் ‘மீயொலி’ என்பர். கிளினிக்கிலும் வீதியிலும் ‘ஸ்கான்’ என்றே வழங்கும்.

மாணவர் ஒரு கணக்குச் செய்து பார்க்க. உடலின் மென்மையான பகுதிகளில் ஒலி செக்கனுக்கு 1,540 மீற்றர் செல்லும். அனுப்பிய ஒலி ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கில் மீளுமாயின், அது சென்று வந்த தூரம் 15.4 சென்ரிமீற்றர். ஆகவே அது மோதிய இடம் 7.7 சென்ரிமீற்றர் ஆழத்தில் உளது. இவ்வாறு எண்ணிறந்த மீளொலிகளைக் கணித்துக் கருவி திரையிற் புள்ளிகளாக எழுதுகின்றது. மிக்க எதிரொலி தரும் என்பு வெண்மையாகத் தோன்றும். நீர் எதிரொலி தருவதில்லை. ஆதலின் அது கருமையாகத் தோன்றும்.

இதனை நன்கு மனங்கொள்க. ஒலிக்கு நீர் இருள். சிறுநீர் தேங்கிய இடமெல்லாம் படத்திற் கரிய இடமாகத் துலங்கும். கருவிலுள்ள உறுப்புகளுட் சிறுநீர்த் தொகுதியின் மாறுதல்கள் இத்துணை எளிதிற் புலப்படுவதற்குக் காரணம் இதுவே. 1970ஆம் ஆண்டிலேயே அவுஸ்திரேலியாவிற் சிட்னி நகரைச் சேர்ந்த கறற்றும் அவர் துணைவரும், மகவு பிறக்கு முன்னரே அதன் சிறுநீரகத்திற் பல நீர்க்கட்டிகள் உள்ளமையைக் கழியொலியாற் கண்டு வெளியிட்டனர்.

கழியொலி எக்ஸ் கதிரைப் போன்றதன்று. தக்க அளவிற் பயன்படுத்துமிடத்து அதனால் மகவுக்குக் கேடு விளையும் என்பது இதுவரை நிறுவப்படவில்லை. எனினும், தேவை கருதியே பயன்படுத்துக, வேடிக்கைக்காக வேண்டா என்பது மருத்துவர் கொள்கை.

படத்தில் நோக்குவன

சிறுநீரகங்கள் 12, 13ஆம் கிழமையளவிலேயே தோன்றத் தொடங்கினும், அவற்றைத் தெளிவாக ஆராய்வதற்கு உரிய காலம் 18 முதல் 22ஆம் கிழமை வரை. அக்காலத்திற் படம் பிடிப்போர் நோக்கும் முறையை வரிசைப்படக் கூறுவோம்.

முதலாவது, சிறுநீரகங்கள் இரண்டும் உளவா, உரிய இடத்தில் உளவா என்பது. ஐயம் தோன்றின், ஓடும் குருதியைக் காட்டும் டொப்ளர் முறையாற் பெருநாடியிலிருந்து சிறுநீரகத்துக்குச் செல்லும் நாடிகளைத் தேடுவர். வருவதன் ஒலி உயர்ந்தும் செல்வதன் ஒலி தாழ்ந்தும் கேட்கும் என, 1842இல் டொப்ளர் கூறிய விதியே இதற்கு அடிப்படை. இரண்டாவது, சிறுநீரகத்தின் தசைப்பகுதி இயல்பான தடிப்பும் நிறமும் உடையதா, அதனுள் நீர்க்கட்டிகள் உளவா என்பது. மூன்றாவது, நீரகப் புனலின் அகலம். இதனை முன்பின்னாக மில்லிமீற்றரில் அளப்பர். நான்காவது, கிண்ணங்கள் விரிந்தனவா என்பது. ஐந்தாவது, சிறுநீர்க்கான் தோன்றுகின்றதா என்பது. இயல்பான கான் மிகவும் ஒடுங்கியதாதலின் படத்தில் தோன்றாது; தோன்றுமாயின் அது விரிந்துள்ளது என்று கொள்ளல் வேண்டும். ஆறாவது, சிறுநீர்ப்பை. அது நிரம்புவதும் வடிவதுமாக இருத்தல் வேண்டும். ஒருமுறை காணாதபோது உடனே குறை கூறாது, அரைமணி நேரம் பொறுத்து மீண்டும் நோக்குவர். ஏழாவது, பனிக்குட நீரின் அளவு.

இவ்வேழனுள்ளும் இறுதியது முதன்மையானது. புனல் சிறிது விரிந்திருப்பினும், பனிக்குட நீர் நிறைந்திருப்பின், நீர் எவ்வழியாலோ வெளிவருகின்றது என்பது உறுதி.

அளவும் காலமும்

எம் மாணவரின் அறிக்கைக்கு இப்பொழுது மீள்வோம். 6 மில்லிமீற்றர் என்றால் யாது பொருள்? அளவு தனியே பொருள் தராது. காலத்தோடு சேர்த்தே பொருள் தரும். 2014இல் அமெரிக்காவில் இத்துறை சார்ந்த சங்கங்கள் பல ஒன்றுகூடி ஓர் ஒழுங்கை வகுத்தன. அதன்படி, 28ஆம் கிழமைக்கு முன் 4 மில்லிமீற்றருக்குக் குறைந்த அகலமும், அதற்குப் பின் 7 மில்லிமீற்றருக்குக் குறைந்த அகலமும் இயல்பானவை. 28ஆம் கிழமைக்கு முன் 4 முதல் 7 வரையும், பின் 7 முதல் 10 வரையும் இருந்து, வேறு மாறுதல் எதுவும் இல்லையாயின், இடர் குறைந்த விரிவு எனப்படும். முன் 7, பின் 10 என்னும் அளவை எட்டினாலும், கடந்தாலும் இடர் மிகுந்தது என்று கொள்வர். புறக்கிண்ணங்களின் விரிவு, தசைப்பகுதியின் மாறுதல், சிறுநீர்க்கானின் விரிவு, சிறுநீர்ப்பையின் மாறுதல், காரணந் தெரியாத நீர்க்குறைவு என்பவற்றுள் ஒன்று காணப்படினும் அவ்வாறே.

அம்மகவுக்கு அப்பொழுது 22 கிழமை. அகலம் 6. வலப்பக்கம் இயல்பு, கிண்ணங்கள் இயல்பு, சிறுநீர்ப்பை இயல்பு, நீர் நிறைவு. எனவே இடர் குறைந்த விரிவு. இவை யாவும் அதே அறிக்கையில் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. யாம் ஒரு வரியைப் படித்து ஏனையவற்றை விட்டோம். செய்யுளுக்குப் பொருள் கூறுமிடத்து ஓரடியைப் பிரித்தெடுத்துப் பொருள் கொள்ளாதீர் என்று மாணவரைக் கடியும் யாமே அப்பிழையைச் செய்தோம்.

விரிவின் காரணங்கள்

கருவிற் சிறுநீரகப் புனல் விரிந்து காணப்படுதல் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து கருக்களில் நிகழ்வது. அவற்றுட் பெரும்பாலானவை தாமே சீராகும். வளரும் குழாய் இடையிற் சிறிது ஒடுங்கியும் மடிந்தும் இருந்து பின் நிமிர்தலே இதற்குக் காரணம் என்பர். நீர் மிகுந்து ஓடும் வாய்க்காலில் ஒரு வளைவில் நீர் சற்றுத் தேங்கிச் செல்வதைத் தோட்டஞ் செய்வோர் அறிவர். அது வாய்க்கால் உடைந்ததன் அறிகுறியன்று.

எஞ்சியவற்றுள் தலையாயவற்றைக் கூறுவோம். புனலும் கானும் சேருமிடத்தில் ஒடுக்கம் இருப்பின் புனல் மட்டும் விரியும். சிறுநீர்ப்பையிலிருந்து நீர் மேல்நோக்கி மீளுமாயின் கானும் புனலும் விரிதல் கூடும். கான் சிறுநீர்ப்பையிற் புகுமிடத்தில் ஒடுக்கம் இருப்பினும் அவ்வாறே. ஒரு சிறுநீரகம் முழுதும் தொழிலற்ற நீர்க்கட்டிகளின் தொகுதியாக அமைதலும் உண்டு. மற்றையது நலமாயிருப்பின் மகவு நன்கு வாழும்.

மிகவும் அஞ்சத்தக்கது ஆண்மகவுகட்கு மட்டும் வருவது. சிறுநீர்வழியின் பின்பகுதியில் மெல்லிய சவ்வொன்று தோன்றி வழியை மறிக்கும். அப்பொழுது சிறுநீர்ப்பை பெருத்துத் தடிக்கும். அதன் கீழ்ப்பகுதியும் சிறுநீர்வழியின் மேற்பகுதியும் சேர்ந்து படத்தில் ஒரு திறப்புத் துவாரம் போலத் தோன்றும். இரு சிறுநீரகமும் விரியும். பனிக்குட நீர் வற்றும். இத்தகைய அடைப்பு அரிது. எனினும், படம் பிடிப்போர் ஒவ்வொரு கருவிலும் இதனை மனத்திற்கொண்டே நோக்குவர்.

கண்டபின் செய்வது

காண்பது ஒன்று, தீர்ப்பது வேறொன்று. 1981இற் சன் பிரான்சிஸ்கோ நகரில் மைக்கல் ஹரிசன் என்னும் சத்திரசிகிச்சை அறிஞரும் அவர் குழுவினரும், இத்தகைய அடைப்புற்ற மகவொன்றுக்குக் கருப்பையைத் திறந்து, நீர் புறத்தே வடிய வழி செய்து, மீண்டும் கருப்பையை மூடினர். தாய் நலமாயிருந்தாள். மகவோ பிறந்த பின் வாழவில்லை. அதன் சுவாசப்பை வளர்ச்சியடைந்திருக்கவில்லை. துணிவிற் குறைவில்லை, அடைப்பு முன்னரே தன் கேட்டைச் செய்து முடித்திருந்தது.

பின்னர், கருப்பையைத் திறவாமலே ஊசி வழியாகச் சிறு குழாயொன்றைச் சிறுநீர்ப்பையிலிருந்து பனிக்குடத்தினுட் செலுத்தும் முறை வந்தது. அதன் பயனை அறியப் பிரித்தானியா முதலிய நாடுகளிற் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2013இல் வெளிவந்தது. போதிய தொகையினர் சேராமையால் 31 பேருடன் அது நிறுத்தப்பட்டது. குழாய் வைத்த 16 மகவுகளுள் 8உம், வையாத 15 மகவுகளுள் 4உம் பிறந்து 28 நாள் கடந்து வாழ்ந்தன. வாழ்ந்தவற்றுள்ளும் இயல்பான சிறுநீரகத் தொழிலுடையன மிகச் சிலவே. குழாய் உயிரைக் காக்க உதவக்கூடும். பழுதுற்ற சிறுநீரகத்தை மீட்கும் என்று உறுதி கூறவியலாது. இவ்வுண்மையை மறையாது பெற்றோருக்குக் கூறல் வேண்டும்.

ஆயின், விரிவு காணப்பட்ட மகவுகளுட் பெரும்பாலானவற்றிற்குக் கருவில் எச்சிகிச்சையும் தேவையில்லை. 32ஆம் கிழமைக்குப் பின் மீண்டும் ஒரு படம். பிறந்த பின் இரு படங்கள். இடர் குறைந்தவற்றிற்கு இவ்வளவே வேண்டுவது. பிறந்த பின் எடுக்கும் முதற்படத்தை இரண்டு நாள் கழித்தே எடுப்பர். பிறந்தவுடன் மகவின் உடலில் நீர் குறைவாயிருத்தலின், விரிவு இருந்தும் இல்லாததுபோலத் தோன்றக்கூடும். சிறுநீர்வழி அடைப்பு எனும் ஐயமிருப்பின் மட்டும் காத்திருத்தல் ஆகாது. உடனே நோக்கிச் சிறுநீர் வடிய வழி செய்தல் வேண்டும். படம் முன்கூட்டிக் கண்டதன் பெரும்பயன் இங்கேதான் விளங்குகின்றது. இத்தகைய மகவு எவ்விடத்திற் பிறத்தல் நன்று, பிறந்தவுடன் யார் அருகிலிருத்தல் வேண்டும் என்பன முன்னரே தீர்மானிக்கப்படும். கருவிற் படம் பிடியாத காலத்தில், காய்ச்சலும் வாந்தியுமாகி, நச்சுநீர் குருதியிற் கலந்த பின்னரே இத்தகைய மகவுகள் பல மருத்துவரை அடைந்தன.

படத்திற்கும் எல்லை உண்டு. அது வடிவத்தைக் காட்டும். தொழிலை நேரே காட்டாது. விரிந்த புனல் எல்லாம் அடைபட்டதன்று; விரியாத புனல் எல்லாம் குற்றமற்றதுமன்று. நீர் மேல்நோக்கி மீளுங் குறை படத்தில் தோன்றாமலே இருத்தல் கூடும். பனிக்குட நீர் வற்றியவிடத்து ஒலிப்படம் மங்கும். அப்பொழுது எக்ஸ் கதிர் இன்றிக் காந்தப் புலத்தால் எடுக்கும் எம். ஆர். ஐ. படம் துணைசெய்யும். மகவின் சிறுநீர்ப்பை நிறைந்த வேளையிற் புனலின் அகலம் சற்றுக் கூடித் தோன்றுதலும் உண்டு. ஆகவே ஒரு படம் ஒரு நாளின் செய்தி. பல நாட்களின் செய்திகளைச் சேர்த்துக் கண்ட பின்னரே முடிவு கூறல் தகும்.

சொல்லின் கடமை

கழியொலிப் படம் மருத்துவர்க்கு ஒரு வினாவை எழுப்புகின்றது, தீர்ப்பை வழங்குவதில்லை. அவ்வினாவைத் தீர்ப்பாகப் பெயர்த்ததே எம் பிழை. ‘வீக்கம்’ என்பது நோயின் பெயர். ‘விரிவு’ என்பது அளவின் பெயர். ‘அடைப்பு’ என்பது காரணத்தின் பெயர். ‘குறை’ என்பது முடிவின் பெயர். அளவு மட்டும் தெரிந்தவிடத்து நோயையோ, காரணத்தையோ, முடிவையோ கூறுதல் பொய்யாகும். அப்பொய் காகிதத்தில் நின்றிருப்பின் மதிப்பெண் குறைவதோடு தீர்ந்திருக்கும். கருவுற்ற தாயின் நெஞ்சிற் புகுந்தமையால் அவள் உறக்கத்தைக் கெடுத்தது. ஒரு முதியவரைக் காணியை ஈடு வைக்கத் துரத்தியது.

ஆங்கில அறிக்கையைத் தமிழில் விளக்குவார் இன்றி வருந்துவோர் இன்னும் பலர். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தல் இயலும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவர் சமுவேல் கிறீன் செய்து காட்டினார். அமெரிக்க நாட்டவராகிய அவர் தமிழ் கற்று, மாணவருக்குத் தமிழிலே மருத்துவம் போதித்து, நூல்களும் பெயர்த்தார். வேற்று நாட்டவர் அரிதின் முயன்று செய்ததை, இம்மண்ணிற் பிறந்து இக்கல்லூரியிற் பயின்று மருத்துவராகும் எம் மாணவர் எளிதிற் செய்தல் கூடும். அறிக்கையின் கீழ் இரண்டு வரி தமிழில் எழுதினாலே போதும்.

பெற்றோராவோருக்கும் ஒன்று கூறுவோம். இத்தகைய அறிக்கை கிடைப்பின் அஞ்சாது ஐந்து வினாக்களை மருத்துவரிடம் வினவுக. அகலம் எத்தனை மில்லிமீற்றர், அப்பொழுது எத்தனையாம் கிழமை? ஒரு பக்கமா, இரு பக்கமுமா? கிண்ணமும் கானும் விரிந்தனவா? சிறுநீர்ப்பையும் பனிக்குட நீரும் இயல்பா? மீண்டும் எப்பொழுது நோக்கல் வேண்டும்? இவ்வைந்திற்கும் விடை அறிந்தவர், வீண் அச்சத்திற்கும் ஆளாகார். வீண் கவனமின்மைக்கும் ஆளாகார். அவசரம் இல்லை என்று கேட்டு மகிழ்ந்து, மறுபடத்திற்குச் செல்லாது விடுதல் அஞ்சுதலினும் பெரும்பிழை.

அம்மகவுக்கு 33ஆம் கிழமையில் அகலம் 5 மில்லிமீற்றர். பிறந்த பின் எடுத்த இரு படங்களும் இயல்பாயிருந்தன. வயற்காணி ஈடு போகவில்லை. பெண்குழந்தை, இப்பொழுது தவழ்கின்றது. எம் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எம் மடியை நனைத்துவிட்டது. தாய் நாணி எழுந்து துடைக்க வந்தாள். வேண்டா என்றோம். அந்நீர் தங்குதடையின்றி வருதல் எத்துணைப் பெரிய பேறு என்பதை அறிந்துகொள்ள எமக்கு ஓராண்டு பிடித்தது.

மாணவச் செல்வங்காள், சொல்லைக் கற்பது தேர்வுக்காக மட்டுமன்று. உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லை நம்பி ஒருவர் துயிலவும் துயிலாதிருக்கவும் கூடும். அதனை அளந்து கூறுக.